இன்டக்ரல் குறி போடுவதற்கு முன்னால்

முதல் செமஸ்டர் கணிதத்துக்குப் படிக்கிற ஜூனியர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "அக்கா, இன்டக்ரேஷன் வருது, ஃபார்முலா எல்லாம் மனப்பாடம். ஆனா அப்ளிகேஷன் சம் வந்தா எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியல." நான் சொல்லும் பதிலும் ஒன்றுதான். அப்ளிகேஷன் கணக்கில் மார்க் முடிவாவது இன்டக்ரல் குறி போடுவதற்கு முன்னால். குறிக்குப் பிறகு வருவதெல்லாம் பன்னிரண்டாம் வகுப்பிலிருந்து நாம் செய்து பழகிய வேலை. குறிக்கு முன்னால் வரும் இரண்டு மூன்று வரிகளுக்குத்தான் பயிற்சி வேண்டும். ஆனால் அந்த வரிகளுக்கென்று தனியாக உட்கார்ந்து பயிற்சி எடுப்பவர்கள் குறைவு. நான் எடுத்தேன், நல்ல பலன் கிடைத்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் படித்தது அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரி ஒன்றில், 2021 பாடத்திட்டத்தின்படி. முதல் செமஸ்டரில் 'மேட்ரிசஸ் அண்டு கால்குலஸ்' என்ற தாள், ஐந்து யூனிட். நான்காவது யூனிட்டில் இன்டக்ரேஷன் முறைகள், இம்ப்ராப்பர் இன்டக்ரல், அப்புறம் பயன்பாடுகளாக நீர் அழுத்த விசை, திருப்புத்திறன், நிறை மையம். ஐந்தாவது யூனிட்டில் இரட்டைத் தொகையீடு, மும்மைத் தொகையீடு, பரப்பு, கன அளவு, மறுபடியும் நிறை மையம், நிலைமத் திருப்புத்திறன். தாளில் இரண்டு மார்க் கேள்வி பத்து, 16 மார்க் கேள்வி ஐந்து. யூனிட்டுக்கு 20 மார்க் என்று வைத்தால் இந்த இரண்டு யூனிட்டிலிருந்து மட்டும் 40 வருகிறது. இதை ஒதுக்கி வைத்துவிட்டு மற்ற யூனிட்டை வைத்துப் பாஸ் ஆகிவிடலாம் என்று திட்டம் போடுபவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. இவ்வளவு எளிதாக மார்க் தருகிற பகுதி அந்தத் தாளில் வேறு இல்லை.

பள்ளியில் நான் தமிழ் வழி. பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தில் தொகை நுண்கணிதத்தின் பயன்பாடுகள் என்று ஒரு அத்தியாயம் இருக்கிறது. வளைவரைகளுக்கு இடைப்பட்ட பரப்பு, சுழற்றுவதால் உண்டாகும் திடப்பொருளின் கன அளவு இரண்டும் அதில் இருக்கின்றன. கல்லூரி நோட்ஸைத் தொடுவதற்கு முன்னால் அந்த அத்தியாயத்தை மறுபடி எடுத்துப் படியுங்கள். ஆங்கிலத்தில் கேள்வியைப் பார்த்ததும் வருகிற பயத்தில் பாதி, "இது நமக்குத் தெரிந்ததுதானே" என்று பட்டவுடன் போய்விடும். தமிழ் வழியில் படித்து வந்த எல்லோருக்கும் இதை நான் முதலில் சொல்வேன்.

குறிக்கு முன்னால் என்ன செய்வது என்பதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஹாஸ்டலில் எதிர் அறையில் இருந்த சிவில் அக்கா. கொஸ்டின் பேங்க்கை எடுத்துக்கொண்டு அவரிடம் போனபோது, நோட்டைப் பார்த்துவிட்டு, "படம் எங்கம்மா?" என்றார். "கேள்வியில படம் கேக்கலையேக்கா" என்றேன். "கேக்க மாட்டாங்க, நாமதான் போடணும். படத்துல ஒரே ஒரு பட்டை வரை. அந்தப் பட்டையைப் பத்தி மட்டும் பேசு. முழு உருவத்தைப் பத்தி இப்பப் பேசவே பேசாதே" என்றார்.

இதற்கு மேல் இந்தப் பாடத்தில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. முழு உருவமாகப் பார்த்தால் அகலம் மாறிக்கொண்டே இருக்கும், ஆழம் மாறிக்கொண்டே இருக்கும், எதையும் எதோடும் பெருக்க முடியாது. மெல்லிய பட்டை ஒன்றை எடுத்துக்கொண்டால் அதற்குள் எதுவும் மாறுவதில்லை. அதற்கு ஒரு நீளம், ஒரு தடிமன், அச்சிலிருந்தோ நீர்மட்டத்திலிருந்தோ ஒரு தூரம். பரப்பு கேட்டால் நீளம் பெருக்கல் தடிமன். திருப்புத்திறன் கேட்டால் அதைத் தூரத்தால் பெருக்க வேண்டும். நீரின் விசை கேட்டால் அந்த ஆழத்து அழுத்தத்தால் பெருக்க வேண்டும். வேலை கேட்டால் பட்டையின் எடையை அது நகரும் தூரத்தால் பெருக்க வேண்டும். தடிமன் டிஎக்ஸ் என்றால் எல்லைகள் எக்ஸில் வரும், டிஒய் என்றால் ஒய்யில் வரும். எழுதிய கோவையில் வேறு எழுத்து மிஞ்சியிருந்தால் அதை மாற்றாமல் இன்டக்ரேட் செய்யவே கூடாது.

இதற்காகவே ஒரு நோட்டு வைத்திருந்தேன். ஒரு பக்கத்தில் நான்கு கணக்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னப் படம், பட்டை, பட்டைக்கான ஒரு வரி, எல்லைகள், இன்டக்ரல் குறியோடு கோவை, அதோடு நிறுத்தம். தீர்ப்பது கிடையாது. தீர்க்க ஆரம்பித்தால் ஒரு சாயங்காலத்தில் நாலைந்து கணக்குதான் ஓடும். அமைப்பு மட்டும் எழுதினால் அதே நேரத்தில் கொஸ்டின் பேங்க்கில் ஒரு யூனிட்டே முடிந்துவிடும். மறுநாள் நோட்டை அறைத்தோழியிடம் கொடுப்பேன், அவள் கோவையைப் பார்த்துப் படத்தைத் திரும்ப வரைவாள். அவள் வரைந்த படமும் என் படமும் ஒன்றாக இருந்தால் அமைப்பு சரி. இப்படி ஒருவர் எழுதி மற்றவர் திரும்ப வரைவது, நான் பார்த்த கூட்டுப் படிப்பு முறைகளிலேயே மிகப் பயனுள்ளது.

அடுத்து நான் செய்தது, ஒரே ஒரு பரப்பை எடுத்துக்கொண்டு பாடத்தில் உள்ள எல்லாக் கேள்வியையும் அதனிடமே கேட்பது. ஒய் = எக்ஸ் என்ற நேர்கோடும் ஒய் = எக்ஸ்² என்ற பரவளையமும் சந்திக்கும் இடங்கள் 0, 1. நடுவில் ஒல்லியான ஒரு இலை வடிவம் கிடைக்கும். நேர்கோடு மேலே, பரவளையம் கீழே. நிமிர்ந்த பட்டையின் நீளம் எக்ஸ் − எக்ஸ்². பரப்பு, 0 முதல் 1 வரை அதன் தொகை: 1/2 − 1/3 = 1/6.

இந்த 1/6-ஐப் பற்றி ஒரு விஷயம் சொல்லாமல் போக முடியவில்லை. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் ஆர்க்கிமிடீஸ், பரவளையத்தை ஒரு கோடு வெட்டும்போது கிடைக்கும் பரப்பு, அதனுள் வரையும் ஒரு குறிப்பிட்ட முக்கோணத்தைப் போல 4/3 மடங்கு என்று நிறுவினார். நம் இலைக்குள் அந்த முக்கோணத்தின் மூன்றாவது முனை எக்ஸ் = 1/2 என்ற இடத்தில் பரவளையத்தின் மேல் இருக்கும். அதன் பரப்பு 1/8. நாலால் பெருக்கி மூன்றால் வகுத்தால் 1/6. கால்குலஸ் வருவதற்கு ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் இதே விடை. இதைப் போட்டுப் பார்த்த ராத்திரி எனக்குச் சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை.

சரி, இப்போது அந்த இலையை எக்ஸ் அச்சைச் சுற்றிச் சுழற்றுவோம். நிமிர்ந்த பட்டை சுழன்றால் நடுவில் ஓட்டையுள்ள வட்டத் தகடு, அதாவது வாஷர். வெளி ஆரம் எக்ஸ், உள் ஆரம் எக்ஸ்². ஒவ்வொரு ஆரத்தையும் தனித்தனியாக வர்க்கப்படுத்திப் பிறகு கழிக்க வேண்டும்: பை பெருக்கல் (எக்ஸ்² − எக்ஸ்⁴). தொகை 1/3 − 1/5, ஆகவே கன அளவு 2பை/15. கழித்துவிட்டு வர்க்கப்படுத்தினால் பை/30 வரும், அது முழுக்கத் தவறு. விடைத்தாளில் மார்க் அதிகம் போகிற இடம் இதுதான் என்று எங்கள் மேடம் வகுப்பில் அடிக்கடி சொல்வார். படத்தில் இரண்டு ஆரத்துக்கும் தனித்தனி அம்புக்குறி போட்டுவிட்டால் இந்தக் குழப்பத்துக்கு இடமில்லை.

அதே இலையை ஒய் அச்சைச் சுற்றிச் சுழற்றினால்? நிமிர்ந்த பட்டை இப்போது அச்சுக்கு இணையாக நிற்கிறது, ஆகவே சுழலும்போது மெல்லிய உருளைக் கூடு, அதாவது ஷெல் கிடைக்கிறது. வாஷருக்கும் ஷெல்லுக்கும் வித்தியாசம் புரியாதவர்களுக்கு நான் வாழை மரத்தைக் காட்டுவேன். வெட்டிய வாழையைக் குறுக்கே நறுக்கினால் வில்லை வில்லையாக வரும், அது வாஷர் வழி. வெளியிலிருந்து மட்டை மட்டையாக உரித்தால் ஒன்றுக்குள் ஒன்றாக இருந்த கூடுகள் வரும், அது ஷெல் வழி. மரம் ஒன்றுதான், நாம் பிரிக்கிற விதம்தான் வேறு. ஷெல்லின் சுற்றளவு 2பை எக்ஸ், உயரம் எக்ஸ் − எக்ஸ்², தடிமன் டிஎக்ஸ். தொகை 2பை (1/3 − 1/4) = பை/6.

இதையே படுக்கைப் பட்டையாக எடுத்து வாஷர் வழியில் போட்டுப் பாருங்கள். வெளி ஆரம் ஒய்யின் வர்க்கமூலம், உள் ஆரம் ஒய். பை (1/2 − 1/3) = பை/6. இரண்டு வழியிலும் ஒரே விடை. பரீட்சையில் நேரம் மிஞ்சினால் மற்றொரு வழியில் போட்டுச் சரிபார்க்கலாம். விடை ஒத்துப்போனால் அதற்கு மேல் நிம்மதி தருவது அந்த மூன்று மணி நேரத்தில் வேறு கிடையாது.

இன்னும் வேகமான சரிபார்ப்பும் உண்டு. அதற்கு நிறை மையம், அதாவது உருவம் சாயாமல் சமநிலையில் நிற்கிற புள்ளி, வேண்டும். இதே இலைக்கு எக்ஸ் ஆயம் 1/12-ஐ 1/6-ஆல் வகுக்க 1/2, ஒய் ஆயம் 1/15-ஐ 1/6-ஆல் வகுக்க 2/5. கி.பி. 4ஆம் நூற்றாண்டில் அலெக்சாண்டிரியாவில் இருந்த பாப்பஸ் என்ற கணித அறிஞரின் பெயரில் ஒரு தேற்றம் இருக்கிறது: சுழற்சியில் உண்டாகும் கன அளவு என்பது, பரப்பையும் அதன் நிறை மையம் சுற்றி வரும் தூரத்தையும் பெருக்கினால் கிடைப்பது. சுழற்றும் அச்சு பரப்பை ஊடுருவிப் போகக் கூடாது, அது ஒன்றுதான் நிபந்தனை. எக்ஸ் அச்சைச் சுற்றினால் 2பை × 2/5 × 1/6 = 2பை/15. ஒய் அச்சைச் சுற்றினால் 2பை × 1/2 × 1/6 = பை/6. இரண்டும் மேலே வந்த விடைகளேதான். ஒய் = 2 என்ற கோட்டைச் சுற்றிச் சுழற்று என்று கேட்டாலும் கவலை இல்லை. மையத்திலிருந்து தூரம் 8/5, ஆகவே 8பை/15. வாஷர் முறையில் 2 − எக்ஸ்² வெளி ஆரம், 2 − எக்ஸ் உள் ஆரம் என்று போட்டாலும் அதே விடை வரும். ஆனால் இன்டக்ரேஷன் மூலம் காண்க என்று கேள்வியில் இருந்தால் பாப்பஸை ரஃப் ஒர்க்கில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், விடைத்தாளில் பட்டை முறையைத்தான் எழுத வேண்டும்.

அந்த இலை இதோடும் விடுவதில்லை. ஐந்தாவது யூனிட்டில் தொகையிடும் வரிசையை மாற்றுக என்ற கேள்வி கொஸ்டின் பேங்க்கில் திரும்பத் திரும்ப வரும். எக்ஸ் 0 முதல் 1 வரை, ஒய் எக்ஸ்² முதல் எக்ஸ் வரை என்று இருந்தால், மாற்றிய பிறகு ஒய் 0 முதல் 1 வரை, எக்ஸ் ஒய் முதல் ஒய்யின் வர்க்கமூலம் வரை. நிமிர்ந்த பட்டை படுக்கைப் பட்டையாக மாறுகிறது, அவ்வளவுதான். எக்ஸ் ஒய் என்ற சார்பை இந்த இலையின் மேல் தொகையிட்டால் எந்த வரிசையில் போனாலும் 1/24 வரும். படம் இல்லாமல் எல்லைகளை மட்டும் வைத்துக்கொண்டு வரிசையை மாற்ற முயல்வது வீண் சிரமம். படம் போட்டால் அந்தக் கேள்வியில் பெரும்பகுதி அந்தப் படத்திலேயே முடிந்துவிடுகிறது.

இனி தண்ணீர். நான்காவது யூனிட்டில் மாணவர்கள் தவிர்க்கப் பார்க்கிற பகுதி இது. எனக்கு மிகப் பிடித்த பகுதியும் இதுதான், ஏனென்றால் நம் ஊரில் இதைக் கண்ணால் பார்க்கலாம்.

மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. எங்கள் வீட்டில் செய்தித்தாள் வந்ததும் அப்பா முதலில் பார்ப்பது அந்த எண்ணைத்தான். நீரின் அழுத்தம் ஆழத்தை மட்டும் பொறுத்தது. நீர்த்தேக்கம் எத்தனை கிலோமீட்டர் நீளம், அதில் எத்தனை டிஎம்சி இருக்கிறது என்பதற்கும் ஒரு புள்ளியில் உள்ள அழுத்தத்துக்கும் தொடர்பு இல்லை. ஒரு மீட்டர் ஆழத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 9,800 நியூட்டன், அதாவது ஒரு டன் எடை. 120 அடி ஆழம் ஏறக்குறைய 36.6 மீட்டர். அங்கே ஒவ்வொரு சதுர மீட்டரையும் முப்பத்தாறு டன்னுக்கு மேல் எடை அழுத்திக்கொண்டிருக்கும். அணைச் சுவரை அடியில் அவ்வளவு பருமனாகக் கட்டுவது ஏன் என்பது அந்த எண்ணைப் பார்த்ததும் புரிந்துவிடும்.

ஒரு ஷட்டரை எடுத்துக்கொள்வோம். அகலம் 3 மீட்டர், உயரம் 2 மீட்டர், மேல் விளிம்பு சரியாக நீர்மட்டத்தில். எக்ஸ் ஆழத்தில் ஒரு படுக்கைப் பட்டை, அதன் பரப்பு 3 டிஎக்ஸ், அங்கே அழுத்தம் 9,800 எக்ஸ். 0 முதல் 2 வரை தொகையிட்டால் 58,800 நியூட்டன், ஆறு டன். அதே ஷட்டரை 4 மீட்டர் கீழே இறக்குங்கள். மாறுவது எல்லை மட்டும், 4 முதல் 6 வரை. விசை 2,94,000 நியூட்டன், முப்பது டன். ஷட்டர் ஒன்றுதான், ஆனால் ஐந்து மடங்கு விசை. பட்டை எப்போதும் படுக்கையாகத்தான் இருக்க வேண்டும் என்பதை இங்கே கவனியுங்கள். நிமிர்ந்த பட்டை எடுத்தால் அதன் மேல் முனையும் கீழ் முனையும் வெவ்வேறு ஆழத்தில் இருக்கும், அழுத்தம் ஒன்றாக இருக்காது.

சரிபார்ப்பு இங்கேயும் நிறை மையம்தான். தட்டையான பலகையின் மேல் நீரின் விசை, மையத்தின் ஆழத்து அழுத்தத்தைப் பரப்பால் பெருக்கினால் கிடைக்கும். முதல் ஷட்டரில் மையம் 1 மீட்டர் ஆழம், பரப்பு 6: 9,800 × 6. இரண்டாவதில் மையம் 5 மீட்டர்: 9,800 × 30. இரண்டும் சரி.

முக்கோணப் பலகையில்தான் பலர் தடுமாறுகிறார்கள், ஏனென்றால் பட்டையின் அகலம் ஆழத்தோடு மாறுகிறது. அடிப்பக்கம் 4, உயரம் 3 மீட்டர் உள்ள முக்கோணம், அடிப்பக்கம் மேலே நீர்மட்டத்தில், முனை கீழே. எக்ஸ் ஆழத்தில் அகலம் 4(3 − எக்ஸ்)/3. வடிவொத்த முக்கோணம், பத்தாம் வகுப்புப் பாடம். விசை 58,800 நியூட்டன். அதைத் தலைகீழாகத் திருப்பி முனையை நீர்மட்டத்தில் வைத்தால் அகலம் 4 எக்ஸ்/3, விசை 1,17,600, சரியாக இரட்டிப்பு. அகலமான பகுதி ஆழத்துக்குப் போய்விட்டது, அதனால்தான். அகலத்துக்கான கோவையை எழுதியதும் இரண்டு எல்லைகளிலும் அதைப் போட்டுப் பாருங்கள்: முதல் முக்கோணத்தில் எக்ஸ் = 0 என்றால் 4, எக்ஸ் = 3 என்றால் 0 வர வேண்டும். ஒரு நிமிடம்கூட ஆகாத இந்தச் சோதனை முழுக் கணக்கையும் காப்பாற்றும்.

வட்டமான மதகு என்றால் ஆதிப்புள்ளியை நீர்மட்டத்தில் வைக்காமல் வட்டத்தின் மையத்தில் வையுங்கள். ஆரம் 1 மீட்டர், மையம் 5 மீட்டர் ஆழம். பட்டையின் அகலம் 2√(1 − ஒய்²), ஆழம் 5 − ஒய், எல்லை −1 முதல் 1 வரை. கோவையை இரண்டாகப் பிரித்தால் ஒய் இருக்கிற பகுதி ஒற்றைச் சார்பு, அதன் தொகை பூஜ்யம். மிஞ்சுவது வட்டத்தின் பரப்பு, அது பை. ஆகவே விசை 49,000 பை நியூட்டன். திரிகோணமிதிப் பதிலீடு எதுவும் தேவைப்படவில்லை. ஆதிப்புள்ளியை எங்கே வைப்பது என்று யோசிக்கச் செலவிடும் அரை நிமிடம், பின்னால் ஒரு பக்கத்தை மிச்சப்படுத்துகிறது.

வேலை சம்பந்தப்பட்ட கணக்கு எங்கள் தாளில் இல்லை. ஆனால் மற்றக் கல்லூரிகளில் படிக்கிறவர்களுக்கும் வெளிநாட்டுப் புத்தகங்களில் பயிற்சி எடுப்பவர்களுக்கும் அது நிச்சயம் வரும், அதனால் ஒன்று சொல்கிறேன். எங்கள் தோட்டத்துக் கிணறு மாதிரி ஒரு வட்டக் கிணற்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஆரம் 2 மீட்டர், தண்ணீர் தரையிலிருந்து 7 மீட்டர் கீழே, தண்ணீரின் ஆழம் 3 மீட்டர். எல்லாவற்றையும் தரைக்கு இறைக்க எவ்வளவு வேலை? எக்ஸ் ஆழத்தில் உள்ள தண்ணீர் வில்லையின் எடை 9,800 × 4பை டிஎக்ஸ், அது ஏற வேண்டிய தூரம் எக்ஸ், எல்லை 7 முதல் 10 வரை. விடை 9,99,600 பை ஜூல், ஏறக்குறைய 31.4 லட்சம் ஜூல். ஒரு யூனிட் மின்சாரம் 36 லட்சம் ஜூல். அதாவது 37,000 லிட்டருக்கு மேல் உள்ள தண்ணீரை மேலே கொண்டுவர, இழப்பு எதுவும் இல்லாவிட்டால், ஒரு யூனிட்கூட முழுதாக வேண்டாம். நிஜ மோட்டாரில் இழப்பு இருப்பதால் அதைவிட அதிகம் ஓடும். ஊருக்குப் போனபோது இதை அப்பாவிடம் சொன்னேன். "அப்ப மோட்டார் எவ்வளவு தின்னுதுன்னு மீட்டரைப் பார்த்துக் கணக்குப் போட்டுடலாமே" என்றார். போடலாம்தான்.

வெளிநாட்டுப் புத்தகத்தில் அடி, பவுண்டு வந்தால் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு கன அடித் தண்ணீருக்கு 62.5 பவுண்டு என்று கொடுப்பது ஏற்கெனவே எடை. அதை மறுபடி புவியீர்ப்பு முடுக்கத்தால் பெருக்கக் கூடாது. மீட்டரில் வரும்போது 1,000 என்பது அடர்த்தி, அதை 9.8 ஆல் பெருக்க வேண்டும்.

வில்லின் நீளம் பாடத்தில் இருப்பவர்களுக்கு ஒரே ஒரு குறிப்பு. புத்தகக் கணக்குகளில் பெரும்பாலும் 1 + (வகைக்கெழுவின் வர்க்கம்) முழு வர்க்கமாக வரும்படி சார்பைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள். எக்ஸ்³/6 + 1/(2எக்ஸ்) என்பதை வகையிட்டுப் பாருங்கள், ஒரு கழித்தல் குறி கூட்டல் குறியாக மாறி வர்க்கமூலம் அப்படியே கழன்றுவிடும். அப்படிக் கழலவில்லை என்றால் வகையிட்ட வரியை முதலில் சரிபாருங்கள். இம்ப்ராப்பர் இன்டக்ரலில் இரண்டு மார்க்குக்கு, 1 முதல் முடிவிலி வரை 1/எக்ஸ் விரியும், 1/எக்ஸ்² ஒருங்கும் என்பதைக் காரணத்தோடு இரண்டு வரியில் எழுதத் தெரிந்தால் போதும். முடிவிலியை நேரடியாக எல்லையில் போடாமல், ஒரு எழுத்தைப் போட்டுப் பிறகு அதை முடிவிலிக்குக் கொண்டு போவதாக எழுதினால்தான் முழு மார்க்.

கால்குலேட்டர் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் தேர்வில் சாதாரண சயின்டிஃபிக் கால்குலேட்டருக்கு அனுமதி இருந்தது, அதில் வரையறுத்த தொகையைக் கணக்கிடும் வசதியும் இருந்தது. கையில் போட்ட விடையை அதில் சரிபார்ப்பது நல்ல பழக்கம். ஆனால் சைன், காஸ் வரும் கோவை என்றால் ரேடியன் மோடில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டிகிரியில் இருந்தால் சரியான விடையைத் தப்பு என்று நினைத்து அடித்துவிடுவீர்கள். மெஷின் சொல்வது நீங்கள் எழுதிய கோவையின் மதிப்பை மட்டும்தான், அமைப்பு சரியா என்று அதற்குத் தெரியாது. அதற்குப் பாப்பஸும் மைய ஆழமும்தான் துணை.

ஹாலில் நேரக் கணக்கு எளிது. 180 நிமிடம், 100 மார்க். இரண்டு மார்க் கேள்விகளை அரை மணி நேரத்தில் முடித்தால் 16 மார்க் கேள்வி ஒவ்வொன்றுக்கும் முப்பது நிமிடம் கிடைக்கும். நான் நான்காவது, ஐந்தாவது யூனிட்டின் கேள்விகளை முதலில் எழுதினேன், மனம் தெளிவாக இருக்கும்போதே படம் போட்டுவிடலாம் என்பதற்காக. படம் பென்சிலில், பக்கத்தின் கால் பங்கு அளவில். சந்திக்கும் புள்ளிகளை எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதைத் தனி வரியில், பட்டையின் நீளத்தை ஒரு வரியில், எல்லைகளோடு கோவையை ஒரு வரியில். கடைசிக் கூட்டலில் ஏதாவது பிசகினாலும் இந்த வரிகளுக்கு ஸ்டெப் மார்க் உண்டு. நேரம் போதாத கேள்விக்கும் அமைப்பை மட்டுமாவது எழுதிவிட்டு வாருங்கள். வெறும் பக்கத்துக்கு யாராலும் மார்க் போட முடியாது.

முந்தின நாள் ராத்திரி புதுக் கணக்கு எதையும் எடுக்க வேண்டாம். அமைப்பு நோட்டை எடுத்து, படத்தை மட்டும் பார்த்துக் கோவையை மனசுக்குள் சொல்லிப் பாருங்கள். சொல்ல முடியாதவற்றை மட்டும் மறுபடி ஒருமுறை எழுதினால் போதும்.

இப்போதே ஒன்றைப் போட்டுப் பார்க்க நினைப்பவர்களுக்கு: 3 மீட்டர் ஆரமுள்ள அரைவட்டப் பலகை, விட்டம் நீர்மட்டத்தில், வளைந்த பகுதி கீழே. நீரின் விசை என்ன? அரைவட்டத்தின் நிறை மையம் விட்டத்திலிருந்து 4 ஆரம்/3பை தூரத்தில் இருக்கும், சரிபார்ப்புக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். 1,76,400 நியூட்டன் வர வேண்டும்.